பட்டியலை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

1. முதல் நாள்

ஜேர்மனியில், எர்லாங்கன் நகரின் ஒரு சிறிய கொம்பியூட்டர் நிறுவனத்தில் எனக்குக் கிடைத்தது டேப் மாட்டும் வேலை. அதற்கு முன் கப்பலுக்குப் பெயின்ற் அடித்தேன், ஹோட்டலில் கோப்பை கழுவினேன். படிப்பு எட்டாம் வகுப்பு. அவர்களுடைய புறோகிராம் பதினொரு பகுதிகளாகப் பதினொரு டேப்பில் இருந்தது. எந்தப் பகுதிக்கு எது வேண்டும் என்று டூல் என்ற சின்னப் புறோகிராம் ஒன்று பட்டியல் அச்சடிக்கும். அதைப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டிக் கம்பைல் செய்ய, அதாவது மெஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற, வேண்டும்.

மேலிருந்து மாட்டினேன். பத்து டேப்பும் பிழை. கடைசி வரியில் இருந்த, திகதி கணக்கிடும் சின்னப் பகுதி மட்டும் ஓடியது.

சென்னை எஞ்சினியர் ராகவன் வந்து பார்த்துச் சிரித்தார்.

"மேல இருக்கறது மெயின் புரோகிராம். அதுக்கு வேண்டியதெல்லாம் கீழ தள்ளித் தள்ளிப் போட்டிருக்கு பாருங்க. இட்லிய வேக வெச்சுட்டு அப்புறமா அரிசி ஊறப்போடுவீங்களா?"

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, அண்ணை."

கீழிருந்து மாட்டினேன். பதினொன்றும் ஓடின. ஒன்று முடிய அடுத்தது வழி திறப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிற்று.

2. புதிய பட்டியல்

ஏழு மாதத்தில் என் வேலை அனுமதி முடியப்போனது. நீட்டிக்க முதலாளியின் கடிதம் வேண்டும். கிடைக்காவிட்டால் மறுபடி அகதி விடுதியில் சும்மா படுக்க வேண்டியதுதான்.

"வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் வருகிறார். புறோகிராம் சரியாக ஓடட்டும், கடிதம் தருகிறேன்" என்றார் முதலாளி.

வெள்ளிக்கிழமை காலை ராகவன் மியூனிக் போயிருந்தார். டூல் அச்சடித்த பட்டியல் வேறு மாதிரி இருந்தது. எந்தப் பெயரும் உள்ளே தள்ளி இல்லை. கொம்பியூட்டரின் டிஸ்கில், திகதிக் கணக்கை மாற்றுவதற்கு முன் கம்பைல் செய்த பழைய பகுதிகள் இருந்தன. தவறான வரிசையில் செய்தால் பிழை காட்டாது; பழைய கணக்கோடு வாடிக்கையாளர் முன்னால் ஓடும். ஒரு தடவை செய்யத்தான் நேரம் இருந்தது.

முதலாளி பின்னால் நின்றார். "என்ன யோசனை? கீழிருந்து தொடங்கு."

கடைசி வரியில் மெயின் புறோகிராம். முதல் வரியில் திகதிப் பகுதி. முதல் நாள் மற்றதெல்லாம் பிழையானபோது தனியாக ஓடியது அதுதான். அதற்கு வேறெதுவும் வேண்டாம். அந்த டேப்பைக் கையில் எடுத்தேன்.

"இன்றைக்கு மேலிருந்து" என்றேன்.

"ஏழு மாதமாகக் கீழிருந்துதானே செய்கிறாய்?"

"பட்டியல் திரும்பிவிட்டது."

"சரி. பிழையானால் போவது உன்னுடைய கடிதம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் வாடிக்கையாளர் ஒரு திகதியைத் தட்டினார். புதிய கணக்கு வந்தது. கடிதத்தில் முதலாளி நின்றபடியே கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை ராகவன் தலையைச் சொறிந்தார். "ஸாரிங்க. கம்பைல் பண்ற ஆர்டர்லயே காட்டற மாதிரி மாத்தினேன். சொல்ல மறந்துட்டேன்."

"இனி மாத்தினா ஒரு துண்டுக் கடதாசியிலை எழுதி ஒட்டிப்போட்டுப் போங்கோ, அண்ணை. இன்னொருக்கா என்னாலை ஏலாது."

3. அலுவலகத்தில்

கடிதத்தோடு வேலை அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் இன்னும் நான்கு கடதாசி கேட்டாள். ஒன்றுக்கு மற்றது வேண்டும், மற்றதற்கு இன்னொன்று. முன்பென்றால் திரும்பி வந்திருப்பேன்.

"வேறெந்தக் கடதாசியும் இல்லாமல் எடுக்கக்கூடியது இதில் எது?" என்று கேட்டேன்.

அவள் பேனையைக் கீழே வைத்து யோசித்தாள். "உங்கள் படம்" என்றாள்.

பட்டியல் எந்தப் பக்கம் பார்த்து அச்சடித்திருந்தாலும் அன்றிலிருந்து நான் முதலில் தேடுவது வேறெதுவும் வேண்டாத அந்த ஒன்றைத்தான். ஓடிப்போய்ப் படம் எடுத்தேன். அது ஒட்டிய அனுமதிப் புத்தகத்தில் இன்றும் நான் சிரித்த சிரிப்பில் பல் முழுக்கத் தெரிகிறது.