உப்புத் தண்ணீர்க் கூண்டு

தென்னூரில் எங்கள் குடியிருப்பில் நேற்று தச்சு வேலை நடந்தது. இழைப்புளி ஓட ஓட மரச்சீவல் சுருள் சுருளாக விழுந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு வெள்ளை எலிகள் ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் மல்லிகை, தாழம்பூ என்று ஏதாவது வாய்க்கும். எனக்கு வாய்த்தது இதுதான்.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி, விலங்கியல் துறையில் செய்முறை வகுப்புக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஆளுக்கு வேறெங்கே வேலை கிடைக்கும், சொல்லுங்கள். துறைத்தலைவியான சிஸ்டர் வெளிநாட்டில் படித்தவர். மரச்சீவல் பரப்பிய கூண்டுகளில் எலி வளர்த்தார். ஒரு எலியின் ரத்தப் புற்றுநோயை ஊசியால் இன்னொன்றுக்கு ஏற்றினால் அதற்கும் அதே நோய் வந்து, சில வாரத்தில் செத்துவிடும். அந்த நோய்க்கு நித்தியகல்யாணி இலைச்சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். கொள்ளிடக் கரையில் ஆடுகூடத் தின்னாத செடி. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. முதல் கூண்டுக்கு மருந்து, இரண்டாவது கூண்டுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எது முதலில் காலியாகிறது என்று பார்க்க வேண்டும்.

ஊசி போடுகிறவள் ரெங்கநாயகி. என்னைப் போலவே டெமான்ஸ்ட்ரேட்டர், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் பையன் கண்ணனுக்கும் அதே நோய். மெட்ராஸில் பார்த்த டாக்டர் கைவிரித்துவிட்டார். எலிகளுக்குக் குணம் தெரிந்தால் அந்த டாக்டரிடமே பேசுகிறேன் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

வாரங்கள் போயின. இரண்டு கூண்டிலும் ஒன்றுகூடச் சாகவில்லை. சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ரெங்கநாயகிதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டுக்கும் மருந்தே போட்டேன், சிஸ்டர். ஒரு இலைக்குப் பரிமாறிட்டு அடுத்த இலையை வெறுமனே விட்டா பந்தி வஞ்சனை இல்லையா? மனசு கேக்கல."

சிஸ்டர் கோபிக்கவில்லை. "மருந்தால பிழைச்சுதா, நோயே பிடிக்கலையான்னு இப்ப எப்படிம்மா சொல்றது? மறுபடி ஆரம்பிக்கணும்."

"நாளாகுமே. கண்ணனுக்கு அவ்வளவு நாள் ஏது?"

சிஸ்டர் அன்றே புது எலிகளைக் கூண்டுகளில் விட்டார்.

மறுமுறையும் ஊசியை அவளே எடுத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீர் போடும்போது மட்டும் ஒவ்வொரு எலியிடமும், "மன்னிச்சுக்கோடா" என்று முணுமுணுப்பாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆனாலும் காலையில் வந்ததும் கூண்டை எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

கண்ணன் பொறுக்கவில்லை, பாதியிலேயே போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்து திரும்பிய ரெங்கநாயகி, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: "எந்தக் கூண்டுடி?"

இரண்டாவதைக் காட்டினேன். காலி. முதல் கூண்டில் எலிகள் சீவலைக் கிளறிக்கொண்டிருந்தன.

"அப்போ வேலை செய்யறது," என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது. என்ன மனுஷி இவள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. நேரே சிஸ்டரிடம் போனாள். "மெட்ராஸ் டாக்டர்ட்ட பேசுங்கோ. அங்க இன்னும் குழந்தைகள் படுத்துண்டிருக்கு."

எலி அறை இருந்த இடம் இப்போது சைக்கிள் ஸ்டாண்டு. சிஸ்டர் இல்லை, ரெங்கநாயகியும் இல்லை. நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த மருந்தும் சேர்ந்து, அந்த நோய் வந்த குழந்தைகள் பலர் இப்போது குணமாகிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். கண்ணன்தான் கொஞ்சம் சீக்கிரம் பிறந்துவிட்டான்.