ஓடைக்கு இருபுறமும் இரண்டு குழிகள்

இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஓர் ஓடை இரண்டாக்குகிறது. மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு. எவனோ ஒரு வெள்ளைக்காரத் துரை தன் வசதிக்குப் பிரித்தது. பின்னால் வந்த அரசாங்கமும் அதே ஓடையை எல்லையாக்கி, அந்தக் கரைக்கு ஒரு கிராம சேவகர், இந்தக் கரைக்கு ஒருவர் என்று போட்டது. நாங்கள் மட்டும் சளைத்தவர்களா? கோயில் வேறு, திருவிழா வேறு, மயானமும் வேறு. ஒரு பிரிவில் சாவு விழுந்தால் அந்தப் பிரிவு ஆண்கள் வேலையை விட்டுவிட்டுக் குழி வெட்டப் போய்விடுவார்கள். யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

அம்மா மேல்பிரிவு லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் வாழ்ந்து, மேல்பிரிவு மலையில் கொழுந்து பறித்தவள். கடைசிக் காலத்தில்தான் கீழ்ப்பிரிவில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தது. குடிபுகுந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"இங்க இருக்கேன், சரி. செத்தா என்னைய மேல கொண்டுபோயி உங்கப்பா பக்கத்துல போட்டுரு."

அவள் போன அன்று காலையில் மேல்பிரிவுத் தலைவருக்கு போன் போட்டேன். அங்கே குழி வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கீழ்ப்பிரிவில் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் பாடை பாலத்துக்கு வந்தபோது கீழ்ப்பிரிவுத் தலைவர் குறுக்கே வந்து நின்றார். முழங்கால் வரை சேறு.

"எங்க தம்பி கொண்டு போறீங்க? நம்ம மயானத்துல குழி ரெடியா இருக்கு."

"யாரு வெட்டச் சொன்னா?"

"இதென்ன கேள்வி? எங்க பிரிவுல சாவு. நாங்க வெட்டாம வேற யாரு வெட்டுவா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்றவளைத் தோளில் வைத்துக்கொண்டு பாலத்தில் எல்லைச் சண்டையா போடுவது?

"அம்மா மேலதான் போவாங்க. அப்பா அங்கதான் இருக்காரு!" என்று கத்தினேன்.

அவர் குரலை இறக்கினார். "நல்லா கொண்டு போங்க. ஆனா வெட்டுன குழிய வெறுமனே மூட ஏலாதே. இன்னொரு ஆளக் கேக்கும். எங்க பக்கம் புள்ளத்தாச்சிங்க இருக்காங்க. அம்மாவோட சேல ஒண்ணு குடுங்க, வாழமரத்துல சுத்திப் போட்டுர்றோம்."

அந்தப் பயம் எனக்கும் உண்டு. தங்கை ஓடிப்போய், அம்மா குடிபுகுந்த அன்று கட்டிய மஞ்சள் சேலையை எடுத்து வந்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வழிவிட்டார். அம்மா மேலே போனாள்.

மறுநாள் பால் தெளிக்கப் போனேன். அப்பா பக்கத்தில் அம்மா. சொன்னபடி செய்துவிட்டோம் என்று மனசு ஆறியது. அழுகை வரவில்லை.

இறங்கி வரும்போது கீழ்ப்பிரிவு மயானத்தை எட்டிப் பார்த்தேன். வாழைமரத்தைப் புதைத்த மேட்டில் பூப் போட்டிருந்தது, மண் பாலில் நனைந்திருந்தது. அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரம்மா வெறும் செம்போடு நின்றிருந்தாள்.

"என்னக்கா, இங்க வாழமரந்தானே இருக்கு?" என்றேன்.

"அங்க ஊத்த நீங்க இருக்கீங்க தம்பி. இங்க அவங்களுக்கு எங்கள விட்டா யாரு இருக்கா?"

அந்த மேட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.