லின் மேடம் வந்து நின்ன வளைவு

லின் மேடம் போய்ட்டாங்க.

காலைல அவங்க பொண்ணு மெசேஜ் போட்டிருந்துச்சு. தூக்கத்துலயே போயிருக்காங்க... வலி எதுவும் இல்லையாம்.

படிச்சதும் எனக்கு அழுகை வரல. அப்பாடான்னு தான் இருந்துச்சு. திட்டுறவங்க திட்டிக்கங்க.

ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. ஏணி ஏறும்போது கை குடுத்தாலே மொறைக்கிற பொம்பளை அவங்க. அவங்களை ரெண்டு பேர் புரட்டிப் போடுறதை வீடியோ கால்ல ஒரு தடவை பாத்தேன், அப்புறம் கூப்பிடவே தைரியம் வரல.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சீனாக்காரங்க, ரயில்வே இன்ஜினியர். ரெண்டாயிரத்து ஏழு எட்டு வாக்குல, அரபு நாட்டுல ஜெபல் அலி பக்கம் ஒரு ரயில் யார்டு வேலைக்கு எங்க கம்பெனில கூட்டிட்டு வந்தாங்க. அப்பவே வயசு அறுபதுக்கு மேல. நான் அங்க டிராக் டெக்னீஷியன்.

வெயில் மண்டையப் பொளக்கும், அந்தம்மா பிளாஸ்க்ல இருந்து சுடுதண்ணி ஊத்திக் குடிப்பாங்க. எங்க பசங்க வெச்ச பேரு சுடுதண்ணி மேடம். அவங்களுக்கும் தெரியும்.

அவங்க இங்கிலீஷும் அரைகுறை, என்னோடதும் அரைகுறை. அதனால நல்லா ஒத்துப்போச்சு. லஞ்ச் டைம்ல கன்டெய்னர் ஆபீஸ்ல உக்காந்து பேசுவோம்.

சீனால அவங்க ஆபீஸ்லயே முதல் பொம்பளை இன்ஜினியர் அவங்க தானாம். பொம்பளை கால் வெச்சா டனல் இடிஞ்சிரும்னு ஆம்பளைங்க உள்ளயே விடலையாம். எல்லாரும் சாப்பிட வெளிய வந்ததும், இவங்க தனியா உள்ள போய் அளவு எடுத்துட்டு வந்துருவாங்களாம். மூணு மாசம் இப்படியே.

"அப்புறம் என்னாச்சு மேடம்?"ன்னு கேட்டேன்.

"டனல் ஓகே"ன்னாங்க. முகத்துல சிரிப்பே இல்ல.

மண்ணே உறைஞ்சு கிடக்குற மலை மேல லைன் போட்ட டீமுக்குத் தலைமையா இருந்திருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை தான் லீவு. வீட்டுக்குப் போனா பொண்ணு இவங்களை ஆன்ட்டின்னு கூப்பிட்டுச்சாம். என் மூத்தவன் என்னை மாமான்னு கூப்பிட்ட கதையை நானும் சொன்னேன். 

இனிமே சொல்லப்போறது என் யோக்கியதை. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

தண்டவாளத்தை இறுக்குறதுக்கு முன்னாடி அதோட சூட்டை அளக்கணும். நிழல் விழுற பக்கம் தெர்மாமீட்டரை ஒட்டவெச்சு கால் மணி நேரம் காத்திருக்கணும். குளிர்ல இறுக்கிட்டா வெயில் காலத்துல நீள இடமில்லாம அப்படியே நெளிஞ்சிரும், மேல வர்ற வண்டி கவுந்துரும்.

ஒரு ஜனவரி காலைல நாங்க தங்கியிருந்த அஜ்மான்ல இருந்து வர்ற பஸ் டிராஃபிக்ல மாட்டி லேட். ஃபோர்மேன் ஜல்தி ஜல்திங்கறார். நான் தெர்மாமீட்டரைப் பையில இருந்து எடுக்கவே இல்ல... முந்தின நாள் மத்தியானம் எழுதின நம்பரையே எழுதிட்டேன். பசங்க இறுக்கிட்டாங்க. அது ஒரு வளைவு வேற, நெளியுறதுன்னா முதல்ல அங்க தான் நெளியும்.

சொன்னா வேலை போயிரும். ஊர்ல வீட்டுக்காரி எட்டு மாசம். அப்புறம் சொல்லிக்கலாம், அப்புறம் சொல்லிக்கலாம்னு ஜூலை வந்துருச்சு.

முதல் டெஸ்ட் வண்டி விடுற நாள். பெரிய ஆளுங்க எல்லாம் டென்ட்டுக்குள்ள ஏசில. லின் மேடம் மட்டும் குடையோட தண்டவாளம் ஓரமா நடக்குறாங்க. எங்கன்னு கேட்டேன். அவங்க ஊர்ல வழக்கமாம்... முதல் வண்டி போறப்ப லைன் போட்ட இன்ஜினியர், தன் வேலைக்குத் தானே பொறுப்புன்னு வளைவு ஓரமா போய் நிக்கணுமாம்.

போய் நின்னாங்க. நான் பொய் எழுதின அதே வளைவுல.

இன்ஜின் ஸ்டார்ட் ஆயிருச்சு.  ஓடினேன் பாருங்க... ஹெல்மெட் எங்க விழுந்துச்சுன்னே தெரியல. "மேடம், நான் அளக்கல... நம்பர் பொய்"ன்னு மூச்சு வாங்க சொன்னேன்.

அவங்க வாக்கி டாக்கியை எடுத்து "ஸ்டாப்... கலாஸ்"ன்னாங்க. வண்டி நின்னுச்சு.

அப்புறம் என்னைப் பாத்து, "வொய் டுடே?"ன்னாங்க.

"நீங்க நிக்கிறீங்களே மேடம்..."

"அதர் மேன் ஸ்டாண்டிங்... யூ டெல் மீ?"

வேற எவனாவது நின்னிருந்தா சொல்லியிருப்பியான்னு கேக்குறாங்க. 

வார்னிங் லெட்டர் குடுத்தாங்க. அவங்களே கையெழுத்துப் போட்டு, என் பேரை முழுசா எழுதி. ஆனா ஊருக்கு அனுப்பல. அன்னிக்கு ராத்திரி ஆறு மாசம் கழிச்சு ஒழுங்கா தூங்கினேன்.

அந்த வளைவு முழுக்கக் கழட்டி மறுபடி இறுக்கினோம். தெர்மாமீட்டரை என் கையில தான் குடுத்தாங்க. கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்ன இடத்துல நான் அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்.

திரும்ப டெஸ்ட் வெச்ச அன்னிக்கு மேடம் அதே இடத்துக்குப் போனாங்க. போய் நின்னுட்டு, என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாங்க.

பக்கத்துல போய் நின்னேன்.  வெக்கத்தை விட்டுச் சொல்றேன், முப்பத்தஞ்சு வயசு ஆம்பளை அந்தம்மா சட்டை முனையைப் புடிச்சுக்கிட்டேன். அவங்க தட்டிவிடல.

வண்டி மெதுவா வந்துச்சு... எங்களைத் தாண்டிப் போயிருச்சு. தண்டவாளம் கல்லு மாதிரி கிடந்துச்சு.

"அச்சா"ன்னாங்க. நான் அங்கயே உக்காந்து அழுதுட்டேன். எழுந்திரிக்கிற வரைக்கும் குடையை என் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு நின்னாங்க.

நிம்மதியா படுங்க மேடம்.