பத்தாவது பிள்ளைக்குக் காத்திருக்கும் நார்வே தீவு

இரவு மணி ஒன்றரை. இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். மகள் ஹனியா இப்போதுதான் தூங்கினாள். வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் ஜூனில் போய்வந்த பயணத்தை இப்போது எழுதுகிறேன்.

என் கணவர் சலீம் துபாயின் ஜெபல் அலியில் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காக இருந்தவர். ஏழு மாதமாக நார்வேயின் மேற்குக் கரையில், ஒரு தீவு முனிசிபாலிட்டியில், மீன் தொழிற்சாலை வேலை. (ஊர்ப் பெயர் வேண்டாம் என்கிறார், அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.) எனக்கும் இரண்டேகால் வயது மகளுக்கும் குடும்ப விசா வந்துவிட்டது. ஷார்ஜாவில் டைப்பிங் சென்டர் வேலையை விடுமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பத்து நாள் லீவில் கிளம்பினேன்.

துபாயிலிருந்து ஆஸ்லோ வழியாக பெர்கன், காத்திருப்பும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம். இருவருக்கும் போகவர 5,150 திர்ஹம். பிறகு பஸ்ஸில் 110 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், 390 குரோனர். பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. (ஒரு திர்ஹம் மூன்று குரோனருக்குச் சற்றுக் குறைவு.) டிரைவர் லாகூர்க்காரர். "ரெயின்கோட் ஹை, பஹன்?" என்று உருதுவில், ரெயின்கோட் இருக்கிறதா சகோதரி என்றார். "ஹை, பாய்", இருக்கிறது அண்ணா என்று காட்டினேன். அது துபாய் ஃபேஷனுக்குத்தான் ஆகும் என்று சிரித்தார். சரியாகத்தான் சொன்னார், பத்து நாளில் ஆறு நாள் மழை.

கடைசியாக ஃபெர்ரி, இருபத்தைந்து நிமிடம். நடந்து ஏறுபவர்களுக்குக் காசில்லை. கரையில் சலீம் நின்றிருந்தார். "வாப்பா பாரு" என்றேன். ஹனியா என் கைப்பைக்குள் கையைவிட்டுப் போனைத் தேடினாள். அவளுக்கு வாப்பா இருக்கும் இடம் அதுதான். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தீவு நீளவாக்கில் பாறை. நடுவில் பனி ஒட்டிய மலை, இரு முனைகளிலும் வீடுகள். மொத்த ஜனத்தையும் ஷார்ஜாவில் எங்கள் தெருவின் நான்கு டவரில் அடைத்துவிடலாம். ஹெர்ரிங் மீன் வந்த காலத்தில் ஊர் பெருத்ததாம். மீன் போனதும் பாதிப்பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்களாம். இப்போது சால்மன் கூண்டுகள். இத்தனை சின்ன ஊரானாலும் இங்கே தேர்ந்தெடுத்த கவுன்சில் வந்து இருநூறு வருடம் நெருங்குகிறது. மூன்று வருடம் தங்கிவிட்டால் வெளிநாட்டுக்காரரும் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போடலாம்.

முனிசிபாலிட்டி அலுவலகத்துக்குப் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, அட்டெஸ்டேஷன், மூன்று செட் ஜெராக்ஸ் எல்லாம் கொண்டுபோனேன். கவுண்டர் பெண் மேல்தாளை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலைத் திருப்பித் தந்தாள்.

"மச்சான், ஸ்டாம்ப் அடிக்கலியே?" என்று சலீமிடம் கேட்டேன்.

"அடிக்க மாட்டாங்க புள்ள."

"அப்போ பிள்ளைக்கு கஃபீல் யாரு?" வளைகுடாவில் பொறுப்பேற்கும் கஃபீல், அதாவது ஸ்பான்சர், இல்லாமல் எதுவும் நடக்காது.

"மாஃபி கஃபீல், அப்படி யாரும் கிடையாது. கலாஸ், முடிஞ்சுது, வா போகலாம்."

அடுத்து வடமுனை பாலர் பள்ளிக்குப் போனேன். பதினோரு டிகிரி குளிர், தூறல். கூரைச் சரிவின் கீழ் வரிசையாகத் தள்ளுவண்டிகள். உள்ளே குழந்தைகள் தூங்குகின்றன. பக்கத்தில் யாருமில்லை. யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்று டீச்சரிடம் கேட்டேன். "எங்கே போவார்கள்? அடுத்த ஃபெர்ரிக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது" என்றாள்.

அந்தப் பள்ளியில் ஒன்பது பிள்ளைகள். பத்து இல்லையென்றால் மூடிவிட்டுத் தென்முனைக்கு அனுப்புவார்கள். பஸ்ஸில் நாற்பது நிமிடம். அது பற்றிய கவுன்சில் கூட்டத்துக்கு யாரும் போகலாம் என்றார்கள். போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். ஆடு வளர்க்கும் ஒரு பெண் உறுப்பினர் எழுந்து வேகமாகப் பேசினார்.

"நம்ம ஹனியாவத்தான் சொல்றாங்க," என்று சலீம் காதில் சொன்னார்.

"பேரச் சொன்னாங்களா?"

"இல்ல. ஆகஸ்ட்ல வரலாம்ங்கிற ஒரு பிள்ளை. வராத பிள்ளைக்காகக் கதவைத் திறந்து வைக்க முடியாதுங்குறாங்க."

பதினைந்து பேரில் எட்டுக் கைகள் காத்திருக்கலாம் என்று உயர்ந்தன. முடிந்ததும் அந்த அம்மாள் என் கையில் ஒரு வாஃபிளைத் திணித்து ஆங்கிலத்தில் சொன்னார்: "உன் மகளுக்கு எதிராகத்தான் நான் கை தூக்கினேன். அந்த ஒன்பதில் இரண்டு என் பிள்ளைகள். வருவாயா மாட்டாயா என்று இப்போதே தெரிந்தால் நான் வேறு ஏற்பாடு செய்வேன்." கோபமே இல்லை. சாப்பிடு, ஆறிவிடும் என்றார்.

பதினொரு வருடமாக ஷார்ஜாவில் அடுத்தவர் விசாவுக்கு டைப் அடிக்கிறேன். என் பிள்ளை வருவாளா என்று ஓர் ஊரே கூடிப் பேசியதை அன்றுதான் பார்த்தேன். திரும்பும் நாளில் சலீம் "வா" என்று சொல்லவில்லை. ஹனியாவின் ஷூ லேஸை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினார். ஃபெர்ரி நகர்ந்த பிறகு அவள் போனைத் தள்ளிவிட்டுக் கரையைப் பார்த்து அழுதாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூனில் சூரியன் மறைந்து மஃரிப் தொழுகை இரவு பதினொரு மணிக்கு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி எடுத்துப் போங்கள். ரெயின்கோட்டைப் பெர்கனில் வாங்குங்கள். ஞாயிறன்று கடை இல்லை, ஹலால் கறி பெர்கனில் மட்டும்.

பாலர் பள்ளியில் இடம் தந்து கடிதம் வந்துவிட்டது. அங்கே டிசம்பரில் சூரியன் பத்து மணிக்கு வந்து மூன்றரைக்குப் போய்விடுமாம். எனக்கு ஆசை அவ்வளவு இருக்கிறது, பயமும் அவ்வளவு இருக்கிறது. வடக்கில் சின்னக் குழந்தையோடு முதல் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் இதைப் படித்தால், பிள்ளை தாங்கியதா, நீங்கள் தாங்கினீர்களா என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். போகாதே என்றாலும் சரி. வியாழனுக்குள் பதில் போடுங்கள்.