தாட்டு வைச்ச கிற்றார்ப் பெட்டி

என்ர வாய் பொல்லாத வாய். அதை நான் ஒளிக்கப்போறதில்லை, ஊரில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். எனக்குக் கலியாணம் சரிவராததுக்கும் அந்த வாய்தான் காரணம் எண்டு அம்மா சாகுமட்டும் சொன்னவ. தம்பியின்ர பெட்டிக்கு நடந்ததும் அதாலதான்.

கிற்றாருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில நிலத்தில வைச்சு, காலால மிதிச்சுச் சத்தத்தை மாத்திற எஃபெக்ட்ஸ் பெட்டி அது. நல்ல பாரம். தமிழ்நாட்டு அகதி முகாமில இருந்த காலத்தில தம்பி பெயின்ற் அடிக்கப் போய், சென்னையில ஒரு பழைய சாமான் கடையில வாங்கினது. அவன் வாங்கேக்கையே அது கிழடு. சண்டை ஓய்ஞ்சிருந்த நேரம் வள்ளத்தில ஊருக்கு வரேக்க, மனுசியையும் கிற்றாரையும் இந்தப் பெட்டியையும் கொண்டுவந்தான். நாங்கள் வெள்ளாங்குளத்தில வயல் செய்யிற ஆக்கள், கிற்றார் எங்கட பரம்பரையிலையே இல்லை. "கண்டறியாத பெட்டி! உதால நாலு மூட்டை நெல்லு விளையுமோ?" எண்டு கேட்டன். அவன் சிரிச்சுப்போட்டு விட்டிட்டான்.

பெட்டியில முப்பது இலக்கம். ஒவ்வொரு இலக்கத்திலையும் அவன் இருந்து மினைக்கெட்டுச் செய்து வைச்ச ஒரு சத்தம். பன்னிரண்டைப் போட்டால் கிற்றார் நாதஸ்வரம் மாதிரி அழும், கோயில் திருவிழாவுக்கு அதுதான். பதினேழு மனுசிக்கெண்டு செய்தது. ஒரு தந்தியைத் தட்டினால் அந்தச் சத்தம் குளத்துக்கு அங்கால போய் ஆறுதலாத் திரும்பி வரும். பின்னேரம் வயலால வந்து மேல் கழுவிப்போட்டுப் பெட்டியோட குந்துவான். டொக் டொக் எண்டு மிதிப்பான், திருகாணியைக் கழட்டுவான், தனக்குள்ள புறுபுறுப்பான். கடைசியாப் பதினேழைப் போட்டு ரெண்டு நிமிசம் வாசிப்பான். அவள் குசினிக்குள்ள சமைச்சபடி கேட்டுக்கொண்டிருப்பாள். நான் வெளியில, வீட்டு முத்தத்தில இருந்து ஏசிக்கொண்டிருப்பன்.

ஆமி அடிக்கிற செல் கிட்ட வந்து விழத் தொடங்கின கிழமை ஊர் முழுக்க இடம்பெயர வெளிக்கிட்டுது. தம்பி அம்மாவையும் நெல்லு மூட்டையளையும் உழவு மிசினில ஏத்திக்கொண்டு முதல் போனான். மிச்சச் சாமானுகளை மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டுப் பின்னால வாறது நானும் அவன்ர மனுசியும் எண்டு முடிவு. "அண்ணை, பெட்டி கவனம். நனையாமல் தாட்டு விடு" எண்டு மிசினில ஏறி இருந்துகொண்டும் சொன்னான்.

சாமான் தாட்டு வைக்கிறதில நாங்கள் எல்லாரும் அந்த நேரம் பெரிய கெட்டிக்காரர். எத்தனை தரம் தாட்டிருப்பம், எத்தனை தரம் கிண்டி எடுத்திருப்பம். தையல் மிசினெண்டால் எண்ணெய் பூச வேணும். றேடியோ எண்டால் பற்றறியைக் கழட்ட வேணும், இல்லாட்டி அது மண்ணுக்குள்ள கசிஞ்சு உள்ளுக்கு இருக்கிற எல்லாத்தையும் திண்டுபோடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் தம்பியின்ர பெட்டியைத் திறந்து பாத்தன். ஒரு ரூவாக் குத்தி போல வட்டமா ஒரு பற்றறி ஈயம் வைச்சு ஒட்டிக் கிடந்தது. தம்பியின்ர மனுசி பொலித்தீன் பையை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். "அத்தான், அதை எடுக்கலாமோ... அவர் ஒருக்கால்..." எண்டு தொடங்கினாள்.

எனக்குக் கொதி வந்திட்டுது. செல் கூவிக்கொண்டு போகுது, இவள் கதைக்கிறாள். "உனக்கென்ன தெரியும்? வாயைப் பொத்திக்கொண்டு பையைப் பிடி!" எண்டு கத்தினன். குறட்டால ரெண்டு வெட்டு. பற்றறியை வேலிக்கு அங்கால எறிஞ்சன். பெட்டியை மூண்டு பைக்குள்ள சுத்தி, பிளாஸ்ரிக் பரலுக்குள்ள வைச்சு, வேப்பமரத்தில இருந்து கிணத்துப் பக்கமா ஒன்பது கவடு எண்ணித் தாட்டம்.

ரெண்டு கிழமை கழிச்சுத்தான் தம்பியைக் கண்டம். ஒரு மாமரத்துக்குக் கீழ மிசினை விட்டிட்டு இருந்தான். முதல் கேள்வியே பெட்டிதான். "ஒண்டும் நடக்காது. பற்றறியையும் வெட்டி எடுத்துப்போட்டுத்தான் தாட்டனான்" எண்டு பெருமையாச் சொன்னன். அவன் என்னைப் பாத்தான். பிறகு மனுசியைப் பாத்தான். "சரி அண்ணை, நல்லது" எண்டு சொல்லிப்போட்டு மிசினுக்குக் கீழ பாயைப் போட்டுப் படுத்திட்டான். களைப்பாக்கும் எண்டு நினைச்சன்.

ஏழு மாசத்தால, கஞ்சி வாங்க வரிசையில நிண்ட இடத்தில செல் விழுந்து அவன் செத்தான். அதைப் பற்றி இதுக்கு மேல என்னால எழுத ஏலாது.

சண்டை முடிஞ்சு, அடைச்சு வைச்சிருந்த முகாமில இருந்து எங்களை ஊருக்கு விடேக்க அம்மாவும் இல்லை. வேப்பமரமும் இல்லை. கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் துப்புரவாக்கி முடிக்குமட்டும் வளவுக்குள்ள கால் வைக்க விடேல்லை. பிறகு அலவாங்கோட போய்க் கிண்டி, மூண்டாவது கிடங்கில பரலைக் கண்டுபிடிச்சன். மூடி வெடிச்சுக் கிடந்தது. பெட்டியைத் தூக்கினால் துரு கையோட வந்துது. தம்பியின்ர மனுசி வந்து பக்கத்தில குந்தி, சீலைத் தலைப்பால மண்ணைத் துடைச்சாள்.

"அழாதை பிள்ளை. இதை எழுப்பி உனக்கு அந்தப் பதினேழைக் கேக்கப் பண்ணாட்டி நான் மனிசனில்லை" எண்டன். அவள் தலைப்பை உதறிப்போட்டுப் பெட்டியை என்ர கையில தந்தாள்.

மீள்குடியேற்றம் எண்டு லேசாச் சொல்லிப்போட்டுப் போவினம். பகல் முழுக்கப் பற்றைக்காடு வெட்டுறது. இல்லாட்டி அரசாங்கக் கந்தோரில நிக்கிறது. தந்த படிவத்தையே திருப்பியும் தருவினம், அதே கேள்வி. வீட்டில எத்தனை பேர் எண்டு கேக்கேக்க ஒவ்வொரு தரமும் என்ர நாக்கு நாலு எண்டு வெளிக்கிடும். அலுத்துப்போச்சு. அவளுக்கு ஒரு தகரக் கொட்டில், பக்கத்தில எனக்கு ஒண்டு. பொழுதுபட வந்தால் நான் பெட்டியோடதான். ஊசியால துருவைச் சுரண்டுவன். வராத திருகாணியை டொக் டொக் எண்டு தட்டி ஏசுவன். ஏலாத வேலையெல்லாம் நானாட்டானில ஒரு றேடியோத் திருத்திற கடைக்காரரிட்டை.

அந்தாள் பொறுமைசாலி. செத்த சாமானுகளை மாத்தினார். புதுப் பற்றறியை ஈயம் வைக்காமல், கழட்டி மாத்தக்கூடிய மாதிரி ஒரு கூட்டில வைச்சார். எங்களுக்கு அப்ப கறண்ட் இல்லை. உழவு மிசின் பற்றறியில வேலை செய்யிற மாதிரிப் பன்னிரண்டு வோல்ற்றை ஒன்பதாக்கிற ஒரு மூண்டு கால் சாமானைப் பூட்டினார். மிதிக்கிற சுவிச்சுகள் உக்கிப்போச்சு, அதுக்கு மோட்டச்சைக்கிள் கோண் அடிக்கிற பொத்தானைப் போட்டது என்ர மூளை. சாமான் கொழும்பில இருந்து வருமட்டும் மாசக்கணக்காக் காத்திருந்து, ரெண்டு வருசம் போயிட்டுது.

தம்பியின்ர கிற்றார் ஓட்டத்தில துலைஞ்சுபோச்சு. முடிஞ்ச அண்டைக்கு இலுப்பைக்கடவைக் கோயில் பாட்டுக்குழுவிட்ட ஒரு கிற்றாரும் பற்றறியில பாடுற ஒரு ஸ்பீக்கரும் இரவல் வாங்கினன். மிசின் பற்றறியில வயரைக் கொழுவ, சிவப்பு இலக்கம் எரிஞ்சுது. "பிள்ளை, ஓடி வா!" எண்டு கூப்பிட்டன். அவள் வந்து வாசலில நிண்டாள். பதினேழைப் போட்டுத் தந்தியைத் தட்டினன். தகரத்தை றோட்டில இழுத்த மாதிரி ஒரு இரைச்சல். பன்னிரண்டைப் போட்டன். ஆரோ தண்ணிக்குள்ள கொப்பளிச்ச மாதிரி. முப்பதையும் மிதிச்சுப் பாத்திட்டன். ஒண்டும் தம்பியின்ர இல்லை.

"அந்தக் கடைக்கார நாசமாப்போவான்தான் அழிச்சுப்போட்டான்!" எண்டு ஊர் கேக்கக் கத்தினன். அவள், "விடுங்கோ அத்தான்" எண்டாள். விடுறதோ நான்? விடியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினன்.

கடைக்காரர் நான் ஏசி முடியுமட்டும் பாத்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைத் திறந்து, புதுக் கூட்டுக்குப் பக்கத்தில ரெண்டு கட்டைத் தகட்டைக் காட்டினார். "ஐயா, பழைய பற்றறி இருந்த இடம் இது. துருப்பிடிச்சு விழேல்லை, குறட்டால வெட்டிக் கிடக்கு. மனிசர் சேர்த்து வைக்கிற சத்தத்தை அந்தப் பற்றறிதான் காக்கிறது. வெட்டின நிமிசமே எல்லாம் போயிருக்கும். இப்ப இருக்கிறது கொம்பனி போட்ட சத்தம். நீங்கள் பெட்டியை எழுப்பித் தாங்கோ எண்டுதானே கேட்டனீங்கள்? உள்ளுக்கு என்ன இருந்தது எண்டு சொல்லேல்லையே." கடைசியா, "ஆர் வெட்டினது?" எண்டு கேட்டார். எனக்கு வாய் வரேல்லை. என்ர வாய்!

பஸ்ஸில வரேக்கதான் தம்பி மாமரத்துக்குக் கீழ அவளைப் பாத்த பார்வை நினைவுக்கு வந்தது.

வளவுக்குள்ள அவள் அரிசி புடைச்சுக்கொண்டிருந்தாள். நான் நிண்டபடியே சொன்னன்: "பிள்ளை, நான்தான். குறட்டால வெட்டினது நான்தான்."

"தெரியும் அத்தான்" எண்டாள். சுளகு நிக்கேல்லை. "அவர் எனக்கு முதலே சொல்லி வைச்சவர், அந்தப் பற்றறி போனால் என்ர சத்தமெல்லாம் போயிடும் எண்டு. அண்டைக்குச் சொல்ல வந்தனான், நீங்கள் விடேல்லை. பிறகு அவரே சொல்லிப்போட்டார், அண்ணைக்குச் சொல்லாதை, மனிசன் தாங்கமாட்டான் எண்டு."

நான் நிலத்தில இருந்திட்டன். "சரி, அவன் சொன்னான். அவன் போனாப் பிறகு? ரெண்டு வருசமா நான் விசரன் மாதிரி இதைத் தூக்கிக்கொண்டு திரியிறன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதோ?"

அவள் சுளகைக் கீழ வைச்சாள்.

"பொழுதுபட்டால் பக்கத்துக் கொட்டிலுக்குள்ள டொக் டொக் எண்டு கேக்கும். திருகாணி விழுற சத்தம் கேக்கும். புறுபுறுக்கிறது கேக்கும். நான் இஞ்சால இருந்து சமைப்பன்" எண்டாள். "அது நிண்டுபோயிடும் எண்டுதான் சொல்லேல்லை."

பிறகு எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டாள். நான் பொழுதுபட, கொட்டிலுக்குள்ள போய்ப் பெட்டியைத் திருப்பி வைச்சு, ஒவ்வொரு திருகாணியாக் கழட்டத் தொடங்கினன். பெட்டியில திருத்த ஒரு பிழையும் இருக்கேல்லை.