ஜாஸ்திக்காரர் வீட்டுத் தலையாட்டு

டிராக்டருக்கு உதிரிபாகம் வாங்கப் பாலக்கோட்டுக்கு வரும் விவசாயியிடம், ‘ஜாஸ்திக்காரர் கடைக்கு மட்டும் போயிறாத’ என்று பஸ் ஸ்டாண்டிலேயே யாராவது சொல்லி அனுப்புவார்கள். உண்மையில் அந்தக் கடையில்தான் விலை குறைவு. பெயர் வந்த வழி வேறு. கடைக்காரர் மாதவராஜ் ஒருமுறை தக்காளி மண்டிக்காரர் ஒருவரிடம், தனக்கு ஜாஸ் என்றால் உயிர் என்று சொல்லியிருக்கிறார். கர்நாடகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் அந்தச் சொல் காதில் எப்படி விழும்?

“எது ஜாஸ்தி?” என்றார் மண்டிக்காரர்.

“ஜாஸ்தி இல்லீங்க, ஜாஸ். பாட்டு.”

“ஓ, பாட்டு ஜாஸ்தியா.”

அவ்வளவுதான். மறுநாளே ஊர் முழுக்க ஜாஸ்திக்காரர் ஆகிவிட்டார். பெயரைக் கேட்டே பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். கலைக்காக வியாபாரத்தை இழந்தவர் என்று அவரைப் பாராட்ட ஊரில் ஆள் இல்லாததால், அந்தப் பாராட்டை அவரே அவ்வப்போது தனக்குச் செய்துகொண்டார்.

அவருக்கு இந்தப் பித்து பிடித்த விதமும் தொழில் சம்பந்தப்பட்டதுதான். பெங்களூருக்குச் சாமான் எடுக்கப் போன ஒரு நாள் மழைக்கு ஒதுங்கினார். ஒதுங்கிய இடம் பழைய ரெக்கார்டு கடை. சுவரில் ஒரு அட்டை. அதில் கோட்டுப் போட்ட ஒருவர் வளைந்த பித்தளைக் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மாதவராஜின் கண்ணுக்கு அது சைலென்சர். எந்த மாடல் வண்டிக்கு என்று விசாரித்தும்விட்டார். கடைக்காரர் சிரிக்காமல் உள்ளிருந்த ரெக்கார்டை எடுத்துச் சுழலவிட்டார். சைலென்சர் பேசியது. ஆயுள் முழுக்கச் சைலென்சர் விற்றவருக்கு அது ஒரு வார்த்தையாவது பேசும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்று எடுக்க வேண்டிய பேரிங்குகளை மறந்து, ரெக்கார்டோடு பஸ் ஏறினார்.

இன்று அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க ரெக்கார்டுகள். அலமாரி என்று எதுவும் இல்லை. மண்டியில் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்து, நிமிர்த்தி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றியிருக்கிறார். ரெக்கார்டு அதில் அளவெடுத்த மாதிரி உட்காரும். முதல் கோடைகாலம் மட்டும் அமெரிக்கச் சங்கீதம் கொஞ்சம் தக்காளி வாசம் அடித்தது.

மனைவி நிர்மலாதேவி இந்தச் சேகரிப்புக்குத் தன் பங்காக ஒரு வேலை செய்திருக்கிறார். ஆங்கிலப் பெயர் எதுவும் வாயில் நுழையாததால், அடுப்படியில் இருந்தபடியே ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். ஆட்டுக்குட்டித் தட்டு. பஸ் ரிவர்ஸ் எடுக்கும் தட்டு. டிரம்ஸ்காரர் ஒருவர் தனியாகப் பொளந்து கட்டும் ரெக்கார்டுக்குப் பாத்திரம் உருளும் தட்டு என்று பெயர். அதை முதல்முறை போட்டபோது பரணில் இருந்து அண்டா விழுந்துவிட்டது என்று நினைத்து நிர்மலாதேவி ஈரக் கையோடு ஓடிவந்தார். மாதவராஜ் ரொம்ப நாள் கோபப்பட்டார். பிறகு, “அந்த ஆட்டுக்குட்டிய எங்க வெச்ச?” என்று அவரே கேட்கத் தொடங்கிவிட்டார்.

ஓசூரில் வேலையில் இருக்கும் மகள் காவியா, அப்பாவின் எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்கிறது என்று சொல்லி ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கித் தந்தாள். “ஊசியில்லாத பாட்டு ஊசிப்போன பாட்டு” என்று அதைப் பெட்டியோடு பீரோ மேல் ஏற்றிவிட்டார். அந்த வசனம் அவருக்கே மிகவும் பிடித்துப்போய், பேன் பெல்ட் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்கள் பெல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதன் எப்படித் தாக்குப்பிடிப்பான்? பிடித்தார், அதற்குக் காரணம் காஜா பாய்.

காஜா பாய் பக்கத்துக் கட்டடத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மாதவராஜின் வயதுதான். ரெக்கார்டு பிளேயர் ஒருமுறை சுற்றும்போது தள்ளாடத் தொடங்கியது, பெங்களூரில் கைவிட்டுவிட்டார்கள். பாய்தான் பித்தளையில் புஷ் என்னும் வளையம் ஒன்றைக் கடைந்து போட்டு அதை நிமிர்த்தினார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தவர், மிளகாய் பஜ்ஜியும் தேநீரும் வந்ததால் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். தலையாட்டினார். அடுத்த ஞாயிறும் வந்தார்.

மாதவராஜுக்கு உலகமே மாறிவிட்டது. “பாலக்கோட்டுல ஜாஸ் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு” என்று கணக்கு சொல்ல ஆரம்பித்தார். தனியாள் என்றால் கிறுக்கு. ரெண்டு பேர் என்றால் ரசிகர் வட்டம். அதிலும் பாயின் தலையாட்டு சாதாரணத் தலையாட்டு இல்லை. தாளம் ஓரிடத்தில் விழும், தலை வேறோர் இடத்தில் ஆடும். இதற்கு மாதவராஜிடம் ஒரு தத்துவமே இருந்தது. தாளம் விழும் இடத்தில் ஆட்டுகிறவன் பஜனைக்காரன். விழாத இடத்தில் ஆட்டுகிறவனுக்குத்தான் ஜாஸ் பிடிபட்டிருக்கிறது. தனக்கே இன்னும் அந்தப் பக்குவம் வரவில்லை என்று நிர்மலாதேவியிடம் ஒத்துக்கொண்டார். தனக்குப் பிறகு இந்தச் சுவர் முழுவதும் பாய்க்குத்தான் என்று காவியாவிடம் போனில் சொல்லியும் வைத்தார். பெற்ற மகளுக்கு அதில் வருத்தமே இல்லை என்பது அவருக்குச் சற்று உறுத்தியது.

ஒரே குறை பாயின் காது. வாழ்நாள் முழுக்க இரும்பு கடைந்த சத்தத்தில் அது மந்தமாகிவிட்டது. மெல்லிய இடங்கள் நண்பனுக்குக் கேட்காமல் போகின்றனவே என்று மாதவராஜ் துடித்தார். வேண்டாம் வேண்டாம் என்றவரைத் தர்மபுரிக்கு இழுத்துப் போய், டாக்டரிடம் காட்டி, காது மிஷின் வைத்துக் கூட்டிவந்தார். வழியெல்லாம் பஸ் ஹாரனுக்குப் பாய் திடுக்கிட்டுக்கொண்டே வந்தார். அந்த ஞாயிறு ரெக்கார்டு பாடப் பாட அவர் முகம் மாறியதை மாதவராஜ் பார்த்தார். கண்ணில் தண்ணீர்கூட நின்றது. முதன்முறையாக முழுசாகக் கேட்கிறான் என்று இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று வருடம் இப்படி ஓடியது. போன மார்கழியில் ஒரு ஞாயிறு சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே கரண்ட் போனது.

ஆட்டுக்குட்டித் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாக்ஸபோன் குரல் இறங்கி, ஆட்டுக்குட்டி எருமையாகி, முனகி, நின்றது. குளிர்காலம் என்பதால் ஃபேன் போடவில்லை. நின்றது பாட்டு ஒன்றுதான். தெருவில் தக்காளி ஏற்றிய வண்டி ஒன்று போகும் சத்தம் கேட்டது. மாதவராஜ் எழப் போனவர் அப்படியே நின்றார்.

பாயின் தலை ஆடிக்கொண்டிருந்தது.

மூடிய கண். முழங்காலில் தாளம் போடும் விரல். முதலில் மாதவராஜுக்கு மெய் சிலிர்த்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். ரெக்கார்டு நின்ற பிறகும் மனசுக்குள் மிச்சத்தை ஓட்டுகிறான், மனப்பாடமே செய்துவிட்டான் என்று நினைத்தார்.

“அடடா,” என்றார் பாய், கண்ணைத் திறக்காமல். “இந்த எடம், ராஜு. இந்த எடந்தான்.”

அந்த அமைதியில் எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. மாதவராஜுக்குப் பழக்கமான சத்தம். மூன்று வருடமாக எல்லா ரெக்கார்டிலும் பின்னால் யாரோ புல்லாங்குழல் வாசிப்பதாக அவர் நம்பிவந்த சத்தம். குனிந்து பார்த்தார். அது பாயின் சட்டைப் பையிலிருந்து வந்தது. பாயின் காது காலியாக இருந்தது.

அடுப்படிக்குப் போனார். நிர்மலாதேவி பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

“பாயி மிஷினைக் கழட்டி வெச்சிட்டு உக்காந்திருக்காரு.”

“இப்பத்தான் பாத்தீங்களா?”

“ஒனக்குத் தெரியுமா?”

“செருப்பு வுடறப்பவே கழட்டிருவாரு. இந்த ஜன்னல்ல தெரியுமே. மிஷின் வாங்குன அடுத்த வாரத்துலேர்ந்து அப்டித்தான்.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

நிர்மலாதேவி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. “சொன்னா பாய் அண்ணன் வர மாட்டாரு. அவரு வரலன்னா அந்தச் சேர்ல யாருங்க உக்காரணும்?”

கூடத்தில் கரண்ட் வந்து, எருமை மறுபடி ஆட்டுக்குட்டியாகித் துள்ளத் தொடங்கியது. பாயின் தலை எதையும் கவனிக்காமல் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க மாதவராஜ் பட்டறைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. கடையில் கிளட்ச் பிளேட் கேட்டவருக்கு ஏர் ஃபில்டர் கொடுத்தார். அவரை அரித்தது பாய் கேட்காமல் இருந்தது மட்டும் இல்லை. விழாத இடத்தில் ஆடிய அந்தத் தலையைப் பார்த்து, தன் தலையையும் அப்படி ஆட்டிப் பழகியிருந்தார். கண்ணாடி முன் நின்றுகூட.

ஞாயிறு வந்தது. பாயும் வந்தார். இந்த முறை மாதவராஜ் ஜன்னல் வழியாகப் பார்த்தார்: செருப்பை விட்டார், காதுக்குப் போனது கை, பிறகு பைக்குப் போனது. அவ்வளவு சுலபம்.

மாதவராஜ் ரெக்கார்டை வைத்துச் சுழலவிட்டார். ஊசியை மட்டும் இறக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். கூடத்தில் சுவர்க் கடிகாரச் சத்தம், பாயின் பையிலிருந்து அந்தக் கீச்சு. பாய் தலையாட்டினார். ஒருமுறை நாக்கைச் சப்புக் கொட்டினார். நிர்மலாதேவி சத்தமே காணோமே என்று எட்டிப்பார்த்து, விஷயம் புரிந்து, தட்டை வைத்துவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

பஜ்ஜி வாசத்துக்குப் பாய் கண்ணைத் திறந்தார். கை தட்டுக்குப் போகும் வழியில் அவர் பார்வை பிளேயரில் நின்றது. பித்தளையில் புஷ் கடைந்து போட்டவர். ஊசி எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? பஜ்ஜியைத் தொடாமல் நண்பனைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து மிஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

“வெய்யி, ராஜு. கேக்கறேன்.”

இருப்பதிலேயே மென்மையான ரெக்கார்டைத் தேடி எடுத்து, துடைத்து, மாதவராஜ் ஊசியை இறக்கினார். பியானோவும் ஒரு டிரம்பெட்டும். பாய் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கண்ணைத் திறந்துவைத்துக் கேட்டார். தலை ஒருமுறைகூட ஆடவில்லை. ஒரு பக்கம் முழுக்க. முடிந்ததும் மாதவராஜ் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராஜு, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. இது நெஜமாலுமே ஒனக்குப் புடிச்சிருக்குதா?”

“என்ன பாய் கேள்வி இது?”

“இல்ல, காது மந்தமா இருந்தப்ப தூரத்துல பஸ்ஸு போற மாதிரி இருக்கும். நல்லாத்தான் இருந்துச்சு. மிஷின் மாட்டுனப்பறந்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு எனக்குத் தலைய வலிச்சு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. சரி, நீயும் ஒரு கெத்துக்குத்தான் போட்டுட்டு உக்காந்திருக்கேன்னு நெனச்சேன். நீ ஆட்டுனியேன்னுதான் நானும் ஆட்டுனேன்.”

ஏமாற்றியது போகட்டும். ஏமாற்றியவன் இத்தனை வருடமாக மாதவராஜையும் சக ஏமாற்றுக்காரன் என்று நினைத்து, அந்த நட்பில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

“எனக்கப்பறம் இதெல்லாம் ஒனக்குத்தான்னு காவியாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்,” என்றார் கடைசியில்.

பாய் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நிஜமாகவே பயந்துவிட்டார். “எனக்கா? எதுக்குப்பா?”

“அப்பறம் எதுக்கு வாராவாரம் வந்த?”

“பட்டறையில லேத்து. வூட்ல டிவி. இங்கதான் ஒரு மணி நேரம் சத்தமில்லாம உக்கார முடியும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று பாய்க்கு உறைத்தது. ஆறிப்போன பஜ்ஜி ஒன்றை எடுத்து, கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “நான் வரட்டுமா, வேண்டாமா? அதச் சொல்லிரு” என்றார்.

மாதவராஜ் எழுந்து ரெக்கார்டைத் திருப்பிப் போட்டார். ஊசியைக் கையில் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல், “மிஷினைக் கழட்டிக்க” என்றார். “ஆஃப் பண்ணிட்டுப் பையில போடு. கீச்சுகீச்சுங்குது.”

பாய் அப்படியே செய்தார். கண்ணை மூடினார். பழக்கதோஷத்தில் தலை ஆடப் பார்த்தது. பஜ்ஜி இருந்த கையால் தாடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். மாதவராஜ் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இரண்டாம் பக்கத்தைத் தனியாகக் கேட்டார். அவர் தலையும் அன்று ஆடவில்லை. எந்த இடத்தில் ஆட்டுவது என்று அவருக்கு மறந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை காலை பேன் பெல்ட் வாங்க வந்த ஒரு விவசாயி, ஜாஸ்திக்காரரைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்று, உங்க பாட்டைக் கேட்க இந்த ஊரில் ரெண்டு பேர் இருக்கிறீர்களாமே என்று கேட்டார்.

மாதவராஜ் பெல்ட்டைக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டினார். பக்கத்தில் லேத் இரும்பைச் சீவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஒரு ஆளுதாங்க,” என்றார். “இன்னொருத்தரு பக்கத்துல உக்காருவாரு.”