பச்சை பெயிண்ட் அடித்த ட்ராயர் பீரோ

அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "அந்த ட்ராயர் பீரோ உன் வீட்டுக்கு வந்தா நானும் வாரேன். அது வரலேன்னா நானும் வரல."

ஆவடியில் தனியாக இருந்தவள் குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த நேரம் அது. அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஃப்ளாட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. அம்மாவைக் கூட்டி வந்தே தீருவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். நான் ஒன்றை முடிவு செய்துவிட்டால் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துகொள்வார். எப்படியும் பாதி வேலை தன் தலையில்தான் விடியும் என்று அவருக்குத் தெரியும்.

பீரோ என்றால் இரும்பு பீரோ இல்லை. தேக்கில் செய்தது. மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன இழுப்பறைகள், அதன் கீழே முழு அகலத்துக்கு மூன்று. உயரமும் அகலமும் நாற்பத்திரண்டு அங்குலம், கனம் யானைக் கனம். ஏதோ ஓர் அதிகாரிகள் விடுதியில் உதவாது என்று கழித்து ஏலம் விட்ட பழைய சாமான்களில், நான் பிறப்பதற்கு முன்னாலேயே அப்பா அதை எடுத்தாராம். அவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் இருந்தார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் வாரம் வீட்டில் இருக்கும் அத்தனைக்கும் பச்சை அடிப்பார். சைக்கிள், கட்டில், டிரங்குப் பெட்டி, துளசித் தொட்டி, எதுவும் தப்பாது. பெயிண்ட் கடையில் காசு கொடுத்து வாங்கியதுதான், நிறம் மட்டும் வேலை பார்த்த இடத்து நிறம். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் முக்கால்வாசி வீடுகளில் இதே கதை. நாற்பது ஆயுத பூஜைக்கு அடித்த பெயிண்டில் பீரோவின் மூலைகள் மழுங்கி, மூலைகளில் பதித்த பித்தளைத் தகடுகளும் பித்தளைப் பிடிகளும் கூடப் பச்சையாகிவிட்டிருந்தன.

எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடி. லிஃப்டில் நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். மாடிப்படியில் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே முப்பத்தொரு அங்குலம், படி திரும்பும் இடத்திலும் அதே அளவுதான். எப்படிப் புரட்டினாலும் நாற்பத்திரண்டு அங்குலம் அங்கே திரும்பாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருஷமாக நான் செய்வது உதிரிப் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. அளவு சொன்னால் அது எனக்கு வேதவாக்கு. அதனாலேயே எரிச்சல் அதிகமானது.

பெங்களூரில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். "அதைக் கொடுத்துட்டு ரெண்டு வார்ட்ரோப் வாங்கிப் போடுக்கா, அம்மா நாலு நாள்ல மறந்துடுவாங்க" என்றான். இவனுக்கு அம்மாவைப் பற்றி என்ன தெரியும் என்று போனை வைத்தேன். ஆனாலும் அவன் அனுப்பிய எண்ணில் பேசி, குமணன்சாவடியில் பழைய மரச்சாமான் கடை வைத்திருப்பவரை வரவழைத்தேன். அவர் பீரோவைச் சுற்றி இரண்டு தடவை வந்தார். கீழே குனிந்தார், விரலால் தட்டினார், பெயிண்டை நகத்தால் சுரண்டினார்.

"அக்கா, இத்த அப்டியே மூணாவது மாடி ஏத்த முடியாது. எனக்குக் குடுத்துடு. நல்ல வெல போட்டு எடுத்துக்கினு போறேன்."

"கொடுக்கறதுக்கு இல்ல. ஏத்தறதுக்கு வழி இருக்கா?"

"யோசிச்சு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர் போகும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது எனக்கு உறுத்தியது.

வேலை முடிந்து வந்து தினமும் செல்போனும் கையுமாக உட்கார்ந்தேன். இழுப்பறை பீரோவுக்கு இவ்வளவு பெரிய வம்சாவளி இருக்கும் என்று யார் கண்டது. முதலில் வெள்ளைக்காரர்கள் வீட்டில் மூடி போட்ட பெட்டிதான் இருந்திருக்கிறது. அடியில் கிடக்கும் துணி வேண்டுமென்றால் மேலே இருப்பதையெல்லாம் அள்ளி வெளியே போட வேண்டும். யாரோ ஒருவர் சலித்துப்போய்ப் பெட்டிக்கு அடியில் ஓர் இழுப்பறை வைத்திருக்கிறார். அது ஒன்று இரண்டாகி, கடைசியில் பெட்டியே காணாமல் போய் முழுக்க இழுப்பறையாகிவிட்டது. பிறகு பணக்கார வீடுகளுக்காக முன்பக்கம் தொப்பை போட்டது, பாம்பு போல வளைந்தது, ஆள் உயரத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறியது என்று எத்தனையோ தினுசு. நம்முடையதில் தொப்பையும் இல்லை, வளைவும் இல்லை. தட்டையான முகம், தட்டையான தலை. பிடிகள் கூட வெளியே நீட்டாமல் மரத்துக்குள் பதிந்து உட்கார்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் அளக்கும் வெர்னியர் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆவடிக்குப் போனேன். அம்மா காபி கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரியோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தேன். பலகைகள் சேரும் மூலையில் இரண்டு கை விரல்களைக் கோத்தது போல மரத்தை அறுத்துச் சேர்த்திருந்தார்கள். அளந்தேன். ஒரு பல் ஏழு மில்லிமீட்டர், அடுத்தது எட்டரை, அதற்கடுத்தது எட்டு. மிஷின் இப்படிப் பண்ணாது. கையால் அறுத்த ஒருவர் கண் அளவிலேயே முடித்திருக்கிறார். எங்கள் பட்டறையில் இதைக் கழித்துக் கட்டியிருப்பேன். ஆனால் அத்தனை வருஷமாகியும் ஒரு மூலை விலகவில்லை.

பிறகு இழுப்பறைகளுக்கு நடுவே ஓடும் குறுக்குச் சட்டங்களை அளந்தேன். முதல் வரிசைக்கும் இரண்டாவதற்கும் நடுவே முக்கால் அங்குலம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவே முக்கால் அங்குலம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே மட்டும் ஒன்றரை அங்குலம். திரும்ப அளந்தேன், ஒன்றரைதான். பக்கவாட்டில் பார்த்தேன். தூக்குவதற்கான பிடிகள் ஒவ்வொரு பக்கமும் இரண்டு இருந்தன, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரே பீரோவை நான்கு பிடி வைத்து எதற்குத் தூக்க வேண்டும்?

பிளேடால் அந்த ஒன்றரை அங்குலத்தின் நடுவே மெல்லக் கீறினேன். பச்சை சுருள் சுருளாக வந்தது. உள்ளே மயிரிழை போல ஒரு கோடு. பின்பக்கமும் பக்கவாட்டிலும் கோடு தொடர்ந்து ஓடியது. இது ஒரு பீரோ இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த இரண்டு. செல்போனில் இதையும் தேடிக் கண்டுபிடித்தேன். முகாம் விட்டு முகாம் போகிற வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகளுக்காகச் செய்தது. படை கிளம்பினால் இரண்டாகப் பிரித்து மாட்டு வண்டியிலோ ஒட்டகத்தின் இரண்டு பக்கமோ ஏற்றிவிடுவார்களாம். இடிபடாமல் இருக்கத்தான் மூலைக்குப் பித்தளை, பதிந்த பிடி. ஊர் ஊராகப் போவதற்கென்றே பிறந்த சாமானை அப்பா நாற்பது கோட்டிங் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். நான்கு தடவை குவார்ட்டர்ஸ் மாறினோம், நான்கு தடவையும் எட்டு ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாகத் தூக்கினார்கள். தரையில் உட்கார்ந்தபடியே தனியாகச் சிரித்தேன். அப்பா இருந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைத்ததும் அழுகையும் வந்தது.

குமணன்சாவடிக்காரருக்குப் போன் போட்டேன். "அது ரெண்டா பிரியும்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்க்கா. நீ கேக்கல, நான் சொல்லல" என்றார், கொஞ்சம் கூடக் கூசாமல். அந்த ஆளிடமே இரண்டு பேரையும் ஒரு குட்டியானை வண்டியையும் அனுப்பச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை பீரோ கள்ளிக்குப்பம் வந்தது. அம்மாவும் ஒரு பையோடு என்னோடு காரில் வந்தாள். மேல் பாதியை நிமிர்த்திப் பிடித்து ஆட்கள் படி திரும்பும் இடத்தில் திரும்பினார்கள், சுவரில் கீறல் கூட விழவில்லை. அறையில் அதை இறக்கியதும், "பாத்தியாம்மா, என் பொண்ணு அளந்தா தப்பாதுன்னு அப்பா சொல்வாரே" என்று பெருமை அடித்துக்கொண்டேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்தாள்.

"இது ஏறாதுன்னு நெனச்சுதான் நான் அப்படிச் சொன்னேன்" என்றாள்.

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. ஒரு மாதம் நாயாக அலைந்திருக்கிறேன். "வர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ விட்டிருப்பியாட்டி?"

விட்டிருக்க மாட்டேன். பீரோ எப்படி வரும் என்று எத்தனை பேரிடம் கேட்டேன். அம்மாவிடம் நீ வருகிறாயா என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை, விழுந்த அன்றே வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து உத்தரவு வந்தால் வீடு மாறியவள் அவள். அப்பா ரிட்டயரான பிறகு எடுத்த அந்த வாடகை வீடுதான் அவளாகப் பார்த்து, அவளாகப் பிடித்திருக்கிறது என்று சொன்ன முதல் வீடு. இது எனக்குத் தெரியாததா? தெரியும். அவள் விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அளப்பது என் தொழில் என்று வேறு பீற்றிக்கொள்கிறேன்.

"வாக்குக் கொடுத்தாச்சு. இருக்கேன்" என்றாள் அம்மா.

நான் பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தேன். இரண்டு பேரும் அடிப் பாதியை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். "இறக்க வேணாம், அது திரும்ப ஆவடிக்கே போகணும், மேல் பாதி இங்கயே இருக்கட்டும்" என்று கத்தினேன்.

"இன்னாக்கா நீ, வெளாடிக்கினு கீறியா?" என்றான் ஒருவன். அவனைச் சமாதானப்படுத்திவிட்டுப் பிளம்பருக்குப் போன் செய்தேன். ஆவடி வீட்டுக் குளியலறையில் சுவரோடு இரண்டு கைப்பிடி, வழுக்காத தரை, எல்லாம் திங்கட்கிழமைக்குள் ஆக வேண்டும் என்றேன். இதற்கும் அம்மா வேண்டாம் என்பாள், ஆனால் இதில் நான் விடுவதாக இல்லை. அவளிடமும் அப்படித்தான் சொன்னேன், அம்மா சரி என்று தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் அவளை ஆவடியில் விட்டேன். கால்கள் அடிப் பாதியோடுதான் இருந்தன, அதனால் அது கூடத்தில் தானாகவே நன்றாக நின்றது. அம்மா பழைய துணி ஒன்றை எடுத்து அதன் தலையைத் துடைத்தாள், பாதி உயரத்தில் இருப்பதால் உட்கார்ந்தபடியே சாமி விளக்கு ஏற்றலாம் என்றாள். நான் கிளம்பி வாசல் வரை வந்துவிட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

"எப்ப வருவம்மா?"

"மேல் பாதியில ரெண்டு பொடவைய வச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள். "போய்த் தொறந்து பாரு."